எட்டாவது கட்டம்

ராயபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த பெண்கள் பள்ளியில் ஃப்ளோரன்ஸ் பதினோரு வருடமாக டிரில் டீச்சர். மைதானம் சிறியது. அதன் மேற்கு ஓரத்தில் ஒரு பூவரச மரம் நின்றது.

டிரில் மணி அடித்ததும் நாலைந்து பெண்கள் வரிசையில் சேராமல் அவளிடம் வருவார்கள்.

"டீச்சர், மரம்."

அவள் தலையசைப்பாள். அவர்கள் போய் மரத்தடியில் உட்காருவார்கள். என்ன காரணம் என்று பள்ளி முழுக்கத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சில பெண்கள் ஒரே மாதத்தில் மூன்று முறை மரத்தடிக்குப் போனார்கள். அது பொய் என்று ஃப்ளோரன்ஸுக்குத் தெரியும். அவள் அதையும் கேட்டதில்லை.

ஐம்பத்து மூன்றாம் வருடம் மே மாதம் அவளைச் சைதாப்பேட்டைக்கு ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பட்டணத்துப் பள்ளிகளிலிருந்து இருபத்திரண்டு டிரில் டீச்சர்கள் வந்திருந்தார்கள். காலையில் மைதானம். மதியம் டாக்டர் தேவப்பிரியத்தின் வகுப்பு.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். முதல் நாள் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். தாளில் ஓர் உடம்பின் வெளிக்கோடு மட்டும் இருந்தது.

"உள்ளே இருக்கிறதை வரைங்க" என்றார்.

ஃப்ளோரன்ஸ் இதயத்தை வரைந்தாள். நுரையீரல் இரண்டு. இரைப்பை. அதற்குக் கீழே பென்சில் நின்றது. ஒரு வட்டம் போட்டாள். அதற்குப் பெயர் எழுதாமல் விட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மங்கம்மா வண்ணாரப்பேட்டை கார்ப்பரேஷன் பள்ளியிலிருந்து வந்தவள். அவள் நீளமாக ஒரு சுருளை வரைந்து நிறுத்தியிருந்தாள்.

"இது கொடலு. மீதிய சாமிதான் வரையணும்" என்றாள்.

டாக்டர் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை.

"இருபத்திரண்டு பேர். கர்ப்பப்பையைச் சரியான இடத்தில வெச்சவங்க மூணு பேர். தினம் முந்நூறு உடம்புக்கு ஆர்டர் போடறீங்க. குனி, நிமிர், திரும்பு. அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம."

ஃப்ளோரன்ஸ் தன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பெயர் இல்லாத வட்டம் இடது பக்கமாக, மிக மேலே இருந்தது. முப்பத்து நாலு வருடமாக அதைச் சுமந்துகொண்டு நடக்கிறோம் என்று நினைத்தாள்.

ஆறு வாரத்தில் கண் இமையைக் கீழே இழுத்து ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கக் கற்றாள். தொண்டையைப் பார்க்க. எடை மேடையில் முள்ளைச் சமப்படுத்த. சுவரோடு நிற்கவைத்துத் தோள்களின் உயரத்தை ஒப்பிட. ஒருவர் முதுகில் ஒருவர் காதை வைத்துக் கேட்கச் சொன்னார்கள். அவள் மங்கம்மாவின் முதுகில் காதை வைத்தாள்.

"இன்னா சொல்லுது?" என்றாள் மங்கம்மா.

"வேகமா ஓடுது."

"வூட்ல மூணு பசங்க. ஓடாம இன்னா பண்ணும்?"

நான்காம் வாரம் டாக்டர் ஓர் எலும்பைக் கொண்டுவந்தார். ஒரு பெண்ணின் இடுப்பெலும்பு. அதைக் கைக்குக் கை கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்து நினைத்ததைவிட இலேசாக இருந்தது. நடுவில் ஒரு வழி.

"பொண்ணு வயசுக்கு வந்துட்டா உடம்பு தயார்னு நம்ம ஊர்ல நினைக்கறாங்க. அது ஆரம்பம்தான். இந்த எலும்பு பதினெட்டு வரைக்கும் வளருது" என்றார்.

கடைசி வாரம் அட்டையைக் காட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் எட்டுக் கட்டங்கள். உயரம், எடை, பல், கண், தொண்டை, தோல், நிற்கும் நிலை. எட்டாவது, மாதவிலக்கு. அடியில் பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு. டிசம்பரில் ஒரு முறை, மார்ச்சில் ஒரு முறை அட்டை வீட்டுக்குப் போய்க் கையொப்பத்தோடு திரும்ப வேண்டும்.

மங்கம்மா எழுந்தாள். "எட்டாவது கட்டமும் வூட்டுக்குப் போவணுமா டாக்டரம்மா?"

"பெத்தவளுக்குத் தெரியாததா அது? போகட்டும். மறைச்சு மறைச்சுத்தான் பாதிப் பொண்ணுங்க ரத்தம் இல்லாம நடக்குதுங்க."

ஃப்ளோரன்ஸ் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் டிஸ்பென்சரியிலிருந்து எடை மேடை ஒன்றைக் கேட்டு வாங்கினாள். பந்துகளும் கயிறுகளும் கிடந்த அறையில் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினாள். ஒவ்வொரு பெண்ணாக உள்ளே கூப்பிட்டாள். மழை பெய்து டிரில் இல்லாத நாளில் கரும்பலகையில் உடம்பை வரைந்தாள். இந்த முறை எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. பெண்கள் முதலில் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்றாவது மழைக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். கேள்விகள் வந்தன. சில கேள்விகளுக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. டாக்டருக்குக் கார்டு போட்டுக் கேட்டுச் சொன்னாள்.

எட்டாம் வகுப்பில் சொக்கம்மாள் இருந்தாள். காசிமேட்டுக் குப்பத்துப் பெண். பதின்மூன்று வயது. பள்ளியிலேயே வேகமாக ஓடுகிறவள். நாலடி ஏழு அங்குலம், எழுபத்திரண்டு ராத்தல். அவள் ஒரு நாளும் மரத்தடிக்குப் போனதில்லை. ஜூனில் எட்டாவது கட்டத்தைக் கேட்டபோது, "இன்னும் இல்ல டீச்சர்" என்றாள். ஃப்ளோரன்ஸ் ஒரு கோடு போட்டாள்.

டிசம்பர் முதல் வாரம் சொக்கம்மாள் தானாகவே திரைக்குப் பின்னால் வந்தாள்.

"டீச்சர், ஓடுனா நின்னுடுமா?"

"எது?"

அவள் கரும்பலகை இருந்த பக்கம் கையைக் காட்டினாள்.

"நிக்காது. ஓடலாம். ஒண்ணும் ஆகாது. எப்போலேர்ந்து?"

"செப்டம்பர்."

"ஏன் மரத்தடிக்குப் போகல?"

"எனக்கு ஓடணும் டீச்சர்."

ஃப்ளோரன்ஸுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. மேலே கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

வலி வந்தால் என்ன செய்ய வேண்டும், துணியை எப்படி வெயிலில் காயவைக்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும் என்று சொன்னாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள். வெளுத்திருந்தது. எடை இரண்டு ராத்தல் குறைந்திருந்தது. முருங்கைக் கீரை என்றாள். சொக்கம்மாள் திரையை விலக்கிக்கொண்டு ஓடினாள். ஃப்ளோரன்ஸ் எட்டாவது கட்டத்தில் மையால் எழுதினாள்: செப்டம்பர் முதல். ஒழுங்காக.

பதினைந்தாம் தேதி அட்டைகள் வீடுகளுக்குப் போயின. பதினெட்டாம் தேதிக்குள் எல்லாம் திரும்பின. ஒன்று திரும்பவில்லை. அந்தப் பெண்ணும் வரவில்லை.

"அவ பெரிய மனுஷி ஆயிட்டாளாம். இனிமே அனுப்ப மாட்டாங்களாம்" என்று வகுப்பு டீச்சர் சொன்னாள்.

தலைமையாசிரியை பதிவேட்டைப் பார்த்தார். வருடத்துக்கு நாலைந்து பெண்கள் இப்படி நின்றுபோவார்கள். அவருக்கு அது பழகியிருந்தது.

"பிப்ரவரி ஒண்ணாம் தேதி எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பேர் அனுப்பணும். அன்னிக்கு வந்தா அனுப்புவேன். வரலேன்னா பேரை அடிச்சிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் ஃப்ளோரன்ஸ் குப்பத்துக்குப் போனாள். கட்டுமரங்களைப் பிரித்து மணலில் காயப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் அவளைப் பார்த்துவிட்டு, "டிரிலு டீச்சரு" என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடின. சொக்கம்மாளின் தாய் பவுனம்மாள் வாசலில் குந்தி மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். புருஷன் கடலில் போய் ஏழு வருடம். கொருக்குப்பேட்டை லயன் வீடுகளுக்குக் கூடை சுமந்து மீன் விற்கிறவள்.

"வா டீச்சர். நல்லா எழுதிக் குடுத்தே" என்றாள்.

உட்காரச் சொல்லி ஒரு பலகையைத் தள்ளினாள். வீட்டுக்குள் ஒரு மூலையைச் சாக்கால் மறைத்திருந்தார்கள். சாக்குக்கு வெளியே ஒரு தனித் தட்டும் சொம்பும்.

"உங்களுக்குத் தெரியும்னு சொன்னாளே" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"தெரியாம? மொத நாளே தெரியும். எங்கூட்டுத் துணிய நான்தானே தோய்க்கறேன். கூடைத் துணியோட சேத்து அலசுனேன். மீன் கவிச்சில எவளுக்குத் தெரியும்? நாலு மாசம் அப்படித்தான் ஓட்டுனேன். பரீச்ச முடியட்டும், ஏப்ரல்ல தண்ணி ஊத்திக்கலாம்னு இருந்தேன். அன்னிக்குத்தான் வயசுக்கு வந்தான்னு சொன்னா எவன் கேக்கப் போறான்?"

"பின்னே எப்படி..."

"நான்தான். என் கையாலதான் குடுத்தேன்." அவள் கூடையைக் கவிழ்த்தாள். "எனக்கு எழுத்தா தெரியும்? இஸ்கூல்ல இருந்து அட்டை வந்துகீது, பல்லு நல்லாகீது கண்ணு நல்லாகீதுன்னு போட்டிருப்பாங்க, படிடா கேப்போம்னு என் தம்பிகிட்டக் குடுத்தேன். படிச்சான். பல்லு படிச்சான், கண்ணு படிச்சான். நான் சிரிச்சுகினு நிக்கறேன். எட்டாவதுல வாய மூடிக்கினான்."

ஃப்ளோரன்ஸின் அப்பா ரயில்வே கார்டாக இருந்தவர். அவர்கள் வீட்டில் இந்த விஷயத்துக்குச் சடங்கு கிடையாது. அம்மா ஒரு கத்தைத் துணியைக் கையில் கொடுத்தாள். அதோடு முடிந்தது. குப்பத்தில் அது வேறு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெண் வயதுக்கு வந்தால் முதல் சொல் தாய்மாமனுக்குப் போக வேண்டும். அவன் பச்சை ஓலை கொண்டுவந்து குடிசை கட்ட வேண்டும். அவன் கட்டிய பிறகுதான் மற்றதெல்லாம். அது அவன் உரிமை. கட்டிக்கொள்கிற உரிமையும் அவனுக்குத்தான் முதலில்.

அவன் வந்தான். லோகநாதன். இருபத்தெட்டு வயது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுகிற வேலை. விடுமுறை நாளிலும் காதில் பென்சில் இருந்தது. அவளைப் பார்த்து வணக்கம் சொன்னான்.

"தப்பு என்னோடது" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"உங்க மேல தப்பு இல்லீங்க டீச்சர். நெசத்த எழுதுனீங்க. மறைச்சது இவங்க." அக்காவின் பக்கம் திரும்பவில்லை. "கப்பல்ல எத்தினி மூட்ட எறங்குச்சின்னு எனக்குத் தெரியும். எங்கக்கா வூட்ல இன்னா நடக்குதுன்னு இஸ்கூல் டீச்சர் எழுதித்தான் தெரியணும்."

"உன்கிட்ட சொன்னா மறுநாளே ஓலையத் தூக்கினு வந்துடுவே. அத்தொட்டுதான் சொல்லல" என்றாள் பவுனம்மாள்.

"வருவேன். வராம? நான் மாமன் இல்ல?"

"மாமன்தான். யார் இல்லன்னது?"

"குப்பமே சிரிக்குது. லோகு வூட்டுப் பொண்ணு நாலு மாசமா தெருவுல ஓடிகினு கீது, லோகு மூட்ட எண்ணிகினு கீறான்னு." அவன் ஃப்ளோரன்ஸிடம் திரும்பினான். "மார்கழி போவட்டும் டீச்சர். தை பொறந்ததும் ஓலை கட்றேன். வைகாசியில தாலி. இஸ்கூல் போதும்."



"அட்டை இருக்கா?" என்று கேட்டாள் ஃப்ளோரன்ஸ்.

அவன் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அதை எடுத்தான். மடிக்காமல் வைத்திருந்தான்.

"ரெண்டாவது கட்டத்தைப் படிச்சீங்களா?"

"எடைதானே."

"படிங்க."

எழுத்தைவிட எண்களை வேகமாகப் படித்தான். "ஜூன் எழுபத்திரண்டு. செப்டம்பர் எழுபத்திரண்டு. டிசம்பர் எழுபது." நிறுத்தினான். "கொறையுதே."

"ஆமா."

"எடை கொறைஞ்ச மூட்டன்னா ஓரமா வெச்சு, தனியா எழுதி..."

"என் பொண்ணு மூட்டையாடா?" என்றாள் பவுனம்மாள்.



ஃப்ளோரன்ஸ் இரண்டு கைகளையும் சேர்த்து விரல்களால் ஒரு வளையம் செய்தாள்.

"பிள்ளை வர்ற வழியில ஒரு எலும்பு இருக்கு. அதைக் கையில வாங்கிப் பார்த்திருக்கேன். பதிமூணு வயசில இவ்வளவு." விரல்களை விரித்தாள். "பதினெட்டில இவ்வளவு. வயசுக்கு வந்துட்டா உடம்பு தயார்னு நானும்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். பதினோரு வருஷம் டிரில் சொல்லிக் கொடுத்தவ. எனக்கே தெரியாது."

பவுனம்மாள் அந்தக் கைகளைப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள்.

"எனக்குப் பதினாலு" என்றாள். "மொத ரெண்டும் மூச்சில்லாம வந்துச்சு. பேய் புடிச்சுதுன்னாங்க. கண்ணுபட்டுதுன்னாங்க. எவளும் எலும்புன்னு சொல்லல." தம்பியைப் பார்த்தாள். "துணியில சுத்தித் தூக்கினு போய்ப் பொதைச்சது யாரு?"

அவன் கையிலிருந்த அட்டையைத் திருப்பினான்.

"சொல்லுடா. யாரு?"

"நான்தான்."

"உனக்கு இன்னா வயசு அப்போ?"

"பத்து. அப்பறம் பன்னெண்டு."

அவன் காதிலிருந்து பென்சிலை எடுத்தான். அதன் முனையைப் பார்த்தான். திரும்பக் காதில் வைத்தான்.

"ஓலை நான்தான் கட்டுவேன்" என்றான்.

"கட்டுங்க" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"நீங்க வரணும்."

"வர்றேன்."

"பரீச்ச எப்போ?"

"மார்ச் கடைசி. ஆனா ஒண்ணாம் தேதிக்குள்ள அவ வகுப்புல இருக்கணும். பிப்ரவரி ஒண்ணு. இல்லேன்னா பேரை எடுத்துடுவாங்க."

"ஓலை பிரிச்சப்பறம் வரட்டும். மத்தத அப்பறம் பாத்துக்கலாம்."

மற்றது எது என்று ஃப்ளோரன்ஸ் கேட்கவில்லை. எழுந்தாள். சாக்கின் முன் நின்றாள்.

"சொக்கம்மா."

சாக்குக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"உன்கிட்டதான் சொன்னேன்."

டீச்சர் என்ற சொல் அதில் இல்லை.

தை ஏழாம் தேதி ஓலை கட்டினார்கள். லோகநாதன் எண்ணூரிலிருந்து பச்சைத் தென்னை ஓலை கொண்டுவந்து, யாரையும் தொடவிடாமல் தானே முடைந்தான். சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. ஃப்ளோரன்ஸ் கேழ்வரகு மாவும் வெல்லமும் ஒரு டஜன் முட்டையும் கொண்டுபோனாள்.

"சீர்வரிசையில கேவுரு மாவு பாத்துகீறியாடி?" என்று பவுனம்மாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சிரித்தாள். "மாமன் கொண்டாந்த பட்டுப் பாவாடையவிட இதுதான் கனம்."

சொக்கம்மாள் பட்டுப் பாவாடையும் தாவணியும் கட்டியிருந்தாள். முகம் மஞ்சளாக இருந்தது. எல்லாரையும் பார்த்தாள். ஃப்ளோரன்ஸைப் பார்க்கவில்லை.

புறப்படும்போது லோகநாதன் தெருமுனை வரை வந்தான்.

"நான் போவச் சொல்லிட்டேன் டீச்சர். இப்ப அவதான் மாட்டேன்றா. அட்டை போடற இஸ்கூலுக்குப் போமாட்டேன்னு ஒரே புடி."

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை இருபத்திரண்டு பேரையும் மறுபடி சைதாப்பேட்டைக்கு அழைத்திருந்தார்கள். அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் தேவப்பிரியம் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்தார்.

"மங்கம்மா, எட்டாவது கட்டத்தில எல்லாத்துக்கும் 'சரி'ன்னு எழுதியிருக்கீங்க. என்ன சரி?"

"எல்லாம் சரிதாங்க டாக்டரம்மா."

"கேட்டீங்களா பிள்ளைங்களை?"

"கேட்டா எழுதணும். எழுதுனா வூட்டுக்குப் போவும். போனா நான் வண்ணாரப்பேட்டையில நடக்கணுமே."

சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. ஃப்ளோரன்ஸின் கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இதைப் பாருங்க. ஒரு கட்டம் விடாம நிரப்பியிருக்காங்க. வேலைன்னா இது."

ஃப்ளோரன்ஸ் எழுந்தாள். அந்தக் கட்டில் ஓர் அட்டை இல்லை என்றாள். ஏன் இல்லை என்று சொன்னாள். சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"வீட்டுக்கு அனுப்பச் சொன்னது நான்."

"எழுதினது நான்."

"அந்தக் கட்டத்தை எடுத்துடலாமா?"

"வேண்டாம் டாக்டர். ஓடினா நின்னுடுமான்னு அவ வந்து கேட்டா. நாலு மாசம் அந்தப் பயத்தோட ஓடியிருக்கா. கட்டம் இல்லேன்னா, பாடம் இல்லேன்னா, அவ கேட்டிருக்கவே மாட்டா."

"பின்னே?"

"ஏழு கட்டம் நம்மகிட்ட இருக்கட்டும். எட்டாவது அவகிட்ட இருக்கட்டும். அவளே எழுதட்டும். யாருக்குக் காட்டணும்னு அவளுக்குத் தெரியும்."

"பிள்ளைங்க தொலைச்சிடும். இன்ஸ்பெக்ட்ரஸ் வந்தா எதைக் காட்டறது?"

"தொலைக்கட்டும்" என்றாள் ஃப்ளோரன்ஸ். அவள் குரல் மைதானத்துக் குரலாக வெளிவந்தது. டாக்டரிடம் யாரும் அந்தக் குரலில் பேசியதில்லை.

"எனக்கும் 'சரி' எழுதற வேலை மிச்சம்" என்றாள் மங்கம்மா.

டாக்டர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். எழுதாத அட்டை ஒன்றை எடுத்தார். ரூலரை வைத்து ஏழாவது கட்டத்துக்கும் எட்டாவது கட்டத்துக்கும் நடுவில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யோசிக்கணும்" என்றார்.

ஃப்ளோரன்ஸ் யோசிக்கக் காத்திருக்கவில்லை. மறுநாள் ஞாயிறு, ஜனவரி முப்பத்தொன்று. குப்பத்துக்குப் போனாள்.

சாக்கு மறைப்பை எடுத்திருந்தார்கள். சொக்கம்மாள் வாசலில் அரிவாள்மணையின் முன் உட்கார்ந்து மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஃப்ளோரன்ஸ் எதிரில் மணலில் உட்கார்ந்தாள்.

"உன்னைக் கேக்காம எழுதினேன். கேக்காம அனுப்பினேன். அது தப்பு."

சொக்கம்மாள் ஒரு மீனின் தலையை எடுத்தாள்.

"அது என்னோடதுன்னு நெனச்சேன். உன்னோடது."

இன்னொரு மீன்.

"இனிமே அந்தக் கட்டத்தில நான் எழுத மாட்டேன்."

"வேற யாரு எழுதுவா?"

"நீ. வேணும்னா."

"மாமா படிச்சா?"

"நீ காட்டினா படிப்பார்."

"காட்டலன்னா?"

"எப்படிப் படிப்பார்?"

சொக்கம்மாள் கையைத் தண்ணீரில் அலசினாள். உள்ளே போனாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்து வந்தாள். தன் பெயரைப் பார்த்தாள். உயரம், எடை, பல், கண் என்று விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. பிறகு மணையின் முன் உட்கார்ந்தாள். அட்டையை அலகில் வைத்து, மீனைப் பிளப்பது போலவே, ஒரே இழுப்பில் இழுத்தாள். கோணல் இல்லாமல் வந்தது.

ஏழு கட்டம் இருந்த துண்டை நீட்டினாள். அதில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

"இது உன்னுது" என்றாள். மற்றதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நாளைக்கு வருகிறாயா என்று ஃப்ளோரன்ஸ் கேட்கவில்லை. செதிலைத் துடைக்காமல் அட்டையைப் பையில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை அவளுக்கு ஆறாம் வகுப்பு டிரில். பிறகு ஐந்தாம் வகுப்பு. தலைமையாசிரியையின் அறைப் பக்கம் போகவில்லை. மூன்றாவது மணி அடித்ததும் எட்டாம் வகுப்பு வரிசையாக வெளியே வந்தது. எண்ணக் கூடாது என்று நினைத்தாள். எண்ணினாள். முப்பத்தொன்று.

கடைசியில், நாலு அடி பின்னால், ஒரு தாவணி வந்தது.

முப்பத்திரண்டு.

சொக்கம்மாள் வரிசையில் சேரவில்லை. நேராக அவளிடம் வந்தாள்.

"டீச்சர், மரம்."

முதல் முறையாகச் சொன்னாள். ஃப்ளோரன்ஸ் தேதியை மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கினாள். நிறுத்தினாள். தலையசைத்தாள்.

சொக்கம்மாள் ஓடாமல் நடந்து போனாள். மரத்தடியில் ஏற்கனவே இரண்டு பெண்கள் இருந்தார்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவள் உட்கார்ந்து இடுப்பிலிருந்து அந்தத் துண்டை எடுத்தாள். பக்கத்துப் பெண்ணிடம் பென்சிலுக்குக் கை நீட்டினாள்.

ஃப்ளோரன்ஸ் மரத்துக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள். விசிலை ஊதினாள்.